பழைய கதவும் பல படிச் சாயமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற மாலைச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழாக்காலச் சொற்பொழிவு என்றால் புராணமோ இலக்கியமோ பேசுவதே வழக்கம். இம்முறை கட்டடப் பராமரிப்புப் பற்றிப் பேசுமாறு குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். அதிலும் மிகச் சிறியதொரு பொருளையே நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய வீட்டின் கதவு, சன்னல், நிலை, படிக்கட்டு ஆகிய மரவேலைகளின்மீது பல்லாண்டுகளாகப் படிந்திருக்கும் சாயத்தை உரிக்கலாமா, உரிப்பதாயின் எவ்வாறு உரிப்பது என்பதே அப்பொருள். கேட்பதற்கு இஃது எளிய செய்தியாகத் தோன்றும். ஆனால் ஒரு குழந்தையின் அறிவு வளர்ச்சியும், ஒரு தொழிலாளியின் உடல்நலமும், ஒரு தெருவின் நூறாண்டு நினைவும் இவ்வேலையில் அடங்கியுள்ளன. ஆதலின் சற்றே பொறுமையுடன் செவிமடுக்குமாறு வேண்டுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். எனினும் தேக்கா வட்டாரத்துக் கடைவீடுகளில் தொழில் நடத்துவோர் நம்மிடையே உள்ளனர். அங்கு மேல்மாடியில் குடியிருந்து வளர்ந்தோர் உள்ளனர். தமிழகத்தில் பாட்டனார் கட்டிய வீட்டை இன்னும் பூட்டிப் பாதுகாத்து வருவோரும் உள்ளனர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னர் வீட்டுக்குப் புதுச்சாயம் பூசுவது நம் மரபு. அப்போது பழைய சாயத்தைச் சுரண்டுவதும் வேலையின் ஒரு பகுதியாகிறது. ஆகவே இஃது எவருக்கோ உரிய செய்தியன்று, நமக்கே உரியது.

சுண்ணாம்புக் கம்பமும் கடைவீடும்

சிங்கப்பூரில் தமிழர் வரலாறும் கட்டடத் தொழிலும் தொடக்கத்திலேயே பின்னிப் பிணைந்தவை. 1819ஆம் ஆண்டு ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை இங்குச் செங்கல் சூளை அமைத்து, கட்டட ஒப்பந்தக்காரராக விளங்கினார். அவர் முன்னின்று 1827இல் எழுப்பிய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் முதலில் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆனது. செங்கல் கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிராங்கூன் ரோட்டுப் பகுதியில் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அதனாலேயே அவ்வட்டாரத்தை நம் முன்னோர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தனர். ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்திற்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே ஒரு பெயர் வழங்கியது.

அக்காலத்துக் கடைவீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு, மரத்துக்கு எண்ணெய்ச் சாயம் என்பதே முறை. சுவர் செங்கல்லால் ஆனது. தளமும் உத்தரமும் படிக்கட்டும் கதவும் சன்னலும் மரத்தால் ஆனவை. மலாய்க்காரர் செங்கால் என்று சொல்லும் உறுதியான மரம் கரையானையும் மழையையும் தாங்க வல்லது. அதனினும் இலேசான மெராந்தியும், பாலாவ் முதலிய மரங்களும் பயன்பட்டன. வாசலில் காற்றை விட்டுப் பார்வையை மறைக்கும் 'பிந்து பாகார்' எனும் அரைக்கதவு. மாடியில் சாய்வான பலகைகள் அடுக்கிய சன்னல். கதவுக்கு மேலே செதுக்கு வேலைப்பாடமைந்த காற்றுவழி. இவையே நம் தேக்காவின் முகம். அஞ்சடியில் நடந்துசெல்வோர் நாள்தோறும் காண்பது இம்மரவேலைகளைத்தான்.

லிட்டில் இந்தியா 1989ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அக்கட்டடங்களைக் காக்க நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்துள்ள கொள்கை மூன்று சொற்களில் அடங்கும்: இருப்பதை இயன்றவரை அப்படியே வைத்தல், உணர்ந்து மீட்டமைத்தல், கவனமாகப் பழுதுபார்த்தல். இம்மூன்றும் சாயம் உரிக்கும் வேலைக்கும் அப்படியே பொருந்தும். பழைய சன்னலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது பொருத்துவதைவிட, அதன் சாயத்தை முறையாக நீக்கிப் பழுதுபார்ப்பதே அக்கொள்கை காட்டும் வழி.

சாயம் ஓர் ஏடு

பழைய கதவொன்றின் சாயத்தைக் கூரிய கத்தியால் குறுக்காகச் சீவி, உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு பாருங்கள். வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலப் படிப்படியாகச் சாயங்கள் தெரியும். அடியில் மரத்தை ஒட்டிச் செம்மண் நிறத்தில் முதற்பூச்சு, அதன்மேல் பச்சை, பின்னர் வெண்மை, பின்னர் நீலம், மேலே அண்மையில் பூசிய பழுப்பு. இப்படிகளுக்கிடையே மெல்லிய அழுக்குக் கோடு இருந்தால், அடுத்த பூச்சுக்கு முன் பல்லாண்டுகள் கடந்தன என்று அறியலாம். நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் ஓரிடத்தை வட்டமாகத் தேய்த்தாலும் இப்படிகள் வளைய வளையமாக வெளிப்படும். பழங்கட்டட ஆய்வாளர்கள் இம்முறையைக் கொண்டுதான் ஒரு வீட்டின் முதல் வண்ணம் எது என்று கண்டறிகின்றனர்.

இவ்வாராய்ச்சியின் தேவையை உணர்த்துவதற்குக் கெர்பாவ் ரோட்டிலுள்ள டான் டெங் நியா இல்லமே சான்று. 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அவ்வீடு, லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் பழைய சீனச் செல்வர் மாளிகை. 1980களில் அது மீட்டமைக்கப்பட்டது. இன்று சுற்றுப்பயணிகள் அதன் வானவில் வண்ணங்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் அப்பலவண்ணக் கோலம் பிற்காலத்தது; வீடு கட்டப்பட்ட நாளில் இருந்ததன்று. புதுவண்ணம் பூசுவது குற்றமில்லை. காலத்துக்கேற்ற அழகும் வேண்டியதே. ஆனால் அடியிலுள்ள பழைய படிகள் முற்றிலும் உரிக்கப்பட்டுவிட்டால், 'முதலில் எப்படி இருந்தது?' என்று நாளை ஒரு மாணவர் வினவும்போது விடை சொல்லக் கதவிடம் எதுவும் இராது. ஓலைச்சுவடியின் எழுத்தை அழித்துவிட்டு வெற்றோலையைப் பத்திரப்படுத்துவது போன்றது அச்செயல்.

இன்னொரு செய்தியும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் மரத்தின் இயற்கை நிறத்திலேயே மெருகேறி நிற்பதைக் கண்டவர்கள், இங்குள்ள கடைவீட்டுச் சன்னலையும் உரித்து மெருகிட்டால் அவ்வாறே பொலியும் என்று எண்ணக்கூடும். தேக்கு வேறு, இங்குள்ள மரவேலை வேறு. தெருவை நோக்கிய சன்னல்கள் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே சாயம் பூசுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் ஒரு பலகைக்கும் மற்றொரு பலகைக்கும் நிறம் வேறுபடும். முடிச்சுகளும் மக்கு அடைத்த இடங்களும் இருக்கும். மழையும் வெயிலும் நேரே தாக்கும் இடத்தில் வெற்று மரம் சில திங்களிலேயே நரைத்து வெடிக்கத் தொடங்கும். ஆகவே அவற்றின்மீதுள்ள சாயம் ஒப்பனை மட்டுமன்று, அஃது அம்மரத்தின் குடையுமாகும்.

சாயத்துக்குள் இருக்கும் நஞ்சு

இனி, இவ்வுரையின் தலையாய செய்திக்கு வருகிறேன். பழைய எண்ணெய்ச் சாயங்களில் காரீயம் கலந்திருந்தது. இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவை. நம் வீடுகளில் இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம். நான் குறிப்பிடுவது எடை மிக்க, கருநிறமான காரீயம். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த காரீய வெள்ளை மரத்தை இறுகப் பற்றி, வளைந்து கொடுத்து, நெடுநாள் உழைத்தது. அதனால் உலகெங்கும் அதனை விரும்பினர். அடிப்பூச்சுக்குச் சிவப்புக் காரீயம் பயன்பட்டது. பளிச்சிடும் மஞ்சள் நிறத்துக்குக் காரீயக் குரோமேட் பயன்பட்டது. அம்மஞ்சளுடன் நீலத்தைக் கலந்து செய்ததே 'குரோம் பச்சை'. பழைய சன்னல்களில் நாம் காணும் பச்சையிலும் அந்நஞ்சு இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

இதன் தீமையை உலகுக்கு முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியது, நம் ஊரைப் போலவே வெயில் மிகுந்த ஒரு நிலம் என்பது கருதத்தக்கது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் நகர மருத்துவர்கள் 1890களில் குழந்தைகளிடையே காரீய நஞ்சேற்றத்தைக் கண்டனர். அது எங்கிருந்து வருகிறது என்பது பல்லாண்டுகள் புலப்படவில்லை. லாக்ஹார்ட் கிப்சன் என்னும் கண் மருத்துவர் 1904ஆம் ஆண்டில் விடை கண்டார். அங்குள்ள மரவீடுகளின் தாழ்வாரக் கைப்பிடிகளில் பூசிய சாயம் கடும் வெயிலில் மாவாகப் பொடிந்தது. அதனைத் தொட்டு விளையாடிய குழந்தைகள் விரலை வாயில் வைத்தனர். நஞ்சு சென்ற வழி அதுவே. பின்னர் 1922இல் அம்மாநிலம் அதற்கெனச் சட்டம் இயற்றியது. அதற்கு முந்தைய ஆண்டான 1921இல், கட்டடங்களின் உட்புறச் சாய வேலையில் காரீய வெள்ளையைத் தடுக்கும் உடன்படிக்கையை அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு செனீவாவில் ஏற்றது.

அறிந்த பின்னும் உலகம் விரைந்து திருந்தவில்லை. அமெரிக்கா வீட்டுச் சாயத்தில் காரீயத்தைத் தடை செய்தது 1978இல்தான். இந்தியா, வீட்டுச் சாயங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்று 2016இல் விதி வகுத்து, 2017இல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் பூசிய சாயம் நம் ஊர் வீடுகளின் கதவுகளில் இன்னும் இருக்கிறது என்பதை இவ்வாண்டுக் கணக்கே சொல்லும். சிங்கப்பூரில் காரீயம் கலந்த பெட்ரோல் 1998ஆம் ஆண்டு சூலை முதல் நாள் முதற்கொண்டு நிறுத்தப்பட்டது. காற்றில் கலந்த காரீயம் அவ்வாறு குறைந்தது. கதவில் படிந்ததோ, எவரும் கை வைக்கும் நாள்வரை அங்கேயே காத்திருக்கிறது.

காரீயத்தில் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. விழுங்கிய காரீயத்தைக் குழந்தையின் உடல் பெரியவரின் உடலைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சி குன்றுதல், கவனம் சிதறுதல், இரத்தச்சோகை ஆகியன விளைவுகள். அஃது எலும்பில் தங்கிப் பல்லாண்டுகள் கிடக்கும். தாய் கருவுற்ற காலத்தில் மீண்டும் இரத்தத்தில் கலந்து கருவையும் அடையும். இதில் கொடுமை என்னவெனில், தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தெரியாது. குழந்தை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். இரத்தப் பரிசோதனை ஒன்றே உண்மையைச் சொல்லும்.

ஆயினும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. சிதையாமல் இறுகிப் பிடித்திருக்கும் பழைய சாயம் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. அது தூளாகும்போதும் புகையாகும்போதுமே நஞ்சாகிறது. அத்தூளையும் புகையையும் ஒரே நாளில் பேரளவில் எழுப்புவது எது? ஆராயாமல் சாயத்தை உரிக்கும் நம் கைதான். உறங்கும் பாம்பை மிதித்தவர் கதை அது.

உரிக்குமுன் சிந்திக்க வேண்டியவை

முதற் கேள்வி: உரிப்பது தேவையா? சாயம் இறுகியிருந்தால் மென்மையான சவர்க்கார நீரால் கழுவி, ஈர உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, அதன்மேலேயே புதுச்சாயம் பூசலாம். ஏடும் காக்கப்படும்; நஞ்சும் மூடப்படும். மூன்று நிலைகளில் மட்டுமே உரிப்பது தகும். சாயம் செதில் செதிலாக உதிர்வது ஒன்று. பல படிகள் தடித்துக் கதவும் சன்னலும் மூட முடியாமல் உராய்வது மற்றொன்று. செதுக்கு வேலைப்பாடு சாயத்தில் மூழ்கி உருத்தெரியாமல் போவதும், உளுத்த மரத்தைப் பழுதுபார்க்க வேண்டியிருப்பதும் மூன்றாவது. அப்போதும் அவ்விடத்தை மட்டும் உரித்தால் போதும். உராயும் விளிம்புகளில் நாள்தோறும் தூள் உதிர்வதால் அவற்றையே முதலில் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: சாயத்தில் காரீயம் உண்டா? அதனைக் காட்டும் சோதனைப் பொருள்கள் விற்பனையில் உள்ளன. தேய்த்த இடத்தில் நிறம் மாறினால் காரீயம் உண்டு எனக் கொள்ளலாம். ஆனால் மேற்பூச்சை மட்டும் சோதித்து அமைதியடைதல் கூடாது. பழைய நஞ்சு அடிப்படியில்தான் இருக்கும். ஆகவே மரம் வரை சீவிய வெட்டில் சோதிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது இன்னும் உறுதியானது. சோதிக்க இயலாவிடில், பல படிகள் கொண்ட பழைய சாயத்தில் காரீயம் உண்டு என்றே கருதி வேலை செய்வது அறிவுடைமை.

மூன்றாம் கேள்வி: எப்போது செய்வது? தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்குவது நம் வழக்கம். அப்போது வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. சாயம் நீங்கிய மரம் ஈரத்தை உறிஞ்சும். அதன்மேல் அவசரமாகப் பூசிய புதுச்சாயம் கொப்புளமிடும். இங்கு மழை குறைவாக இருப்பது பிப்ரவரித் திங்களில்தான். தைப்பூசம் முடிந்த கையோடு இவ்வேலையைத் தொடங்கினால் மரம் உலரவும் மனம் பதறாமல் இருக்கவும் காலம் கிடைக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி.

பாதுகாப்பு வட்டாரத்துக் கட்டடமாயின் வேலைக்கு முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளைக் கேட்டறிய வேண்டும். மரபுக் கட்டடங்களுக்கென அவ்வாணையம் தொழில்நுட்பக் கையேடுகளும் வெளியிட்டுள்ளது. ஸ்ரீ மாரியம்மன் ஆலயமும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயமும் முறையே 1973, 1978ஆம் ஆண்டுகளில் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. அத்தகைய ஆலயங்களில் மணிகள் பதித்த வாயிற்கதவு முதலியவற்றில் கை வைக்க முன் அனுமதி வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குடமுழுக்குக்காகத் திருப்பணி நடைபெறும்போதும் இது நினைவிலிருக்க வேண்டும்.

உரிக்கும் முறைகள்

தவிர்க்க வேண்டியவற்றை முதலில் கூறுகிறேன். நெருப்பு விளக்கால் சாயத்தைச் சுட்டு உரிப்பது அறவே கூடாது. காரீயம் புகையாக எழுந்து நேரே நுரையீரலை அடையும். நூறாண்டு உலர்ந்த மரத்தின் இடுக்குகளிலுள்ள தூசியில் கனல் பற்றினால், வேலையாள் வீடு திரும்பிய பின்னரும் அது கனன்று தீயாக எழலாம். சுவரோடு சுவர் ஒட்டிய கடைவீட்டு வரிசையில் அதன் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரத்தால் உலரத் தேய்ப்பதும் கூடாது. ஒரு பிற்பகலில் வீடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சுத்தூள் படிந்துவிடும்.

சூடான காற்றை ஊதும் கருவியைத் தொழிலாளர் ஹீட் கன் என்பர். அதனைக் குறைந்த சூட்டில், சாயம் இளகும் அளவுக்கு மட்டும் காட்டிச் சுரண்டலாம். சாயம் கருகிப் புகைந்தால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். 1,100 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 593 செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அக்கருவியைக் காரீயச் சாயத்தின்மீது பயன்படுத்துவதை அமெரிக்க விதிகள் தடுக்கின்றன. அதற்கு வெகுவாகக் கீழே வைத்துக்கொள்வதே நலம். சன்னற் கண்ணாடியருகில் காட்டினால் கண்ணாடி வெடிக்கும்.

இரசாயனங்களுள் மெத்திலீன் குளோரைடு கலந்தவை விரைவாக வேலை செய்யும். ஆனால் காற்றோட்டமற்ற அறையில் அதன் ஆவியை முகர்ந்து உயிரிழந்தோர் பலர். அமெரிக்கா 2019இல் பொதுமக்களுக்கு அதனை விற்பதைத் தடுத்தது. காஸ்டிக் சோடாத் தொட்டியில் கதவை முக்கி எடுப்பது மலிவான முறை. அது சாயத்தை மட்டுமா தின்னும்? மரத்தின் நாரைக் கிளப்பும். மரத்தைக் கறுக்கச் செய்யும். பழைய வச்சிரத்தால் ஒட்டிய பொருத்துகளைத் தளர்த்தும். மரத்தில் தங்கிய காரம் பின்னர் பூசும் சாயத்தையும் உரித்துத் தள்ளும். இவற்றினும், பசைபோல் தடவிச் சில மணி நேரம் மூடி வைத்துப் பின்னர் வழித்தெடுக்கும் மென்மையான குழைவுகள் ஏற்றவை. செதுக்கு வேலைப்பாட்டுக்கு இவையே உகந்தவை. முதலில் மறைவான ஓரிடத்தில் தடவிப் பார்த்துவிட்டே தொடர வேண்டும்.

எல்லாவற்றினும் எளியதும் சிறந்ததும் ஈரச் சுரண்டல். நீரைத் தெளித்து ஈரமாக்கி, கூரிய சுரண்டியால் மரத்தின் வரியோடு இழுத்துச் சுரண்டுவதே அம்முறை. தூள் பறக்காது, குழம்பாக விழும். சுரண்டி மழுங்கினால் உடனே தீட்ட வேண்டும். மழுங்கிய சுரண்டியே மரத்தைக் கிழிக்கும். கீல், தாழ்ப்பாள், கொண்டி முதலியவற்றை முதலிலேயே கழற்றி எண்ணிட்டு வைத்துத் தனியே தூய்மை செய்ய வேண்டும்.

எம்முறையாயினும் சில கட்டுப்பாடுகள் பொது. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வேலை முடிந்து தூய்மை செய்யும்வரை அவ்வீட்டில் இருத்தல் கூடாது. பொருள்களையும் உணவையும் அகற்றித் தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை இட வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். துணி முகமூடி பயனற்றது. நுண்தூளைத் தடுக்கும் முகமூடியே அணிய வேண்டும். வேலைக்கிடையே கைகழுவாமல் உண்பதோ வெற்றிலை போடுவதோ புகைப்பதோ ஆகாது. முடிவில் துடைப்பத்தால் பெருக்குவது தூளை மீண்டும் கிளப்பும். நனைத்த துணியால் துடைத்து, துணியையும் விரிப்பையும் சுருட்டிப் பையில் கட்ட வேண்டும். சுரண்டிய கழிவைச் சாக்கடையிலோ பூந்தொட்டியிலோ கொட்டுவது நஞ்சை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதாகும். உரிமம் பெற்ற கழிவு அகற்றுவோரிடமே அதனை ஒப்படைத்தல் வேண்டும்.

உரித்த மரத்தை நெடுநாள் வெறுமனே விடாமல், நன்கு உலர்ந்ததும் அடிப்பூச்சு பூசிவிட வேண்டும். பலகையின் வெட்டுமுனைகளே நீரை மிகுதியாகக் குடிப்பவை. அவற்றுக்கு இருமுறை பூச வேண்டும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் நெடுநாள் உழைக்கும்.

தூரிகை பிடிக்கும் கை

இவ்வேலையைச் செய்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்களே ஏணியில் ஏறிச் சுரண்டுகின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் நாம் காணும் முகங்கள் அவை. நாம் ஒரு நாள் வேலை பார்த்துவிட்டு விலகிவிடுவோம்; அவர்களோ வீடு வீடாக, ஆண்டு முழுவதும் அத்தூளில் நிற்கின்றனர். உடையில் ஒட்டிய தூள் தங்குமிடத்துக்கும் செல்கிறது. குறைந்த கூலி கேட்பவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, முறை எதுவாயினும் ஆகுக என்று இருப்பது அறமாகாது. ஒப்பந்தம் பேசும்போதே மூன்று வினாக்களைக் கேளுங்கள். எம்முறையில் உரிப்பீர்கள்? தொழிலாளிக்கு என்ன முகமூடி கொடுப்பீர்கள்? கழிவை எங்கே சேர்ப்பீர்கள்? இவற்றுக்கு விடை சொல்லத் தயங்குபவரிடம் வேலையைக் கொடாதீர்கள். கூலி சிறிது கூடினால் கூடட்டும். அது தொழிலாளியின் மூச்சுக்காற்றுக்கு நாம் செலுத்தும் விலை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எவ்வளவு உரித்தாலும், கதவின் உட்புறத்திலோ நிலையின் மேற்பகுதியிலோ உள்ளங்கை அளவு இடத்தை உரிக்காமல் விட்டுவையுங்கள். அதன்மேல் தெளிவான வார்னிஷைப் பூசி மூடுங்கள். எந்த ஆண்டில், எம்முறையில் உரித்தோம், எந்நிறத்தைப் பூசினோம் என்று ஒரு தாளில் எழுதி, நிழற்படத்துடன் வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அடுத்த தலைமுறை அக்கதவைத் திறக்கும்போது, அதனைச் செய்த தச்சரையும், அதற்கு வண்ணம் கொடுத்த குடும்பங்களையும் அச்சிறு துண்டு நினைவூட்டும்.

பெரியோர்களே! சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர். வீட்டில் வாழ்வோர் நலமாக இருந்தால்தான் அச்சுவருக்கும் சித்திரத்துக்கும் பொருள் உண்டு. புதுச்சாயம் பூசும் மகிழ்ச்சியை எவரும் இழக்க வேண்டாம். தேவையான இடத்தில் மட்டும், ஈரத்தோடும் பொறுமையோடும், குழந்தைகளை விலக்கி, தொழிலாளியைக் காத்து அவ்வேலையைச் செய்வோமாக.